திரும்பி வந்தவர்கள்

முதல் உலக யுத்தம் முடிந்த பிறகு, பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய கிராமங்களில் அன்றைய சர்க்கார் ஒரு கல் பதித்தது. தமிழ்நாட்டிலும் உண்டு, பஞ்சாபிலும் உண்டு. கல்லில் இரண்டே செய்திகள். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள். அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். போனவர் தொகையும் செத்தவர் தொகையும் கல்லில் இருக்கின்றன. திரும்பி வந்தவர் தொகை இல்லை. அது வேண்டுமானால் நாமே கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் பட்டாளத்துக்காரனைப் பற்றி எழுதப்பட்டவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. நம் எழுத்தாளர்கள் அந்தக் கழித்தல் கணக்கை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. போனவனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். செத்தவனைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். முழங்கால் வலியோடும் டிரங்குப் பெட்டியோடும் திரும்பி வந்து, அதே தெருவில் இன்னும் நாற்பது வருஷம் வாழ்ந்தவனைப் பற்றி உருப்படியாக எழுதியவர்கள் மிகக் குறைவு. இது ஒரு சின்னக் குறை அல்ல. நம் இலக்கியத்தின் பார்வையைப் பற்றியே எதையோ சொல்கிற குறை என்று நான் நினைக்கிறேன்.

குறை நேற்று வந்ததல்ல. செத்த வீரனுக்குக் கல் நடுவதை ஆறு படிகளாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது தொல்காப்பியம்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதிலிருந்து வாழ்த்திப் பாடுவது வரையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவனம் எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் யார், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டில் செத்தான் என்றெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எடுத்தனூர்க் கல்லில், எஜமானனோடு நின்ற நாய்க்குக்கூட இடம் உண்டு. கோவிவன் என்று அதன் பெயரும் நமக்குத் தெரியும். அன்றைய சண்டைகளில் தப்பிப் பிழைத்து வீடு திரும்பிய மனிதர்களில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அகத்திணையில் முல்லை இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பாசறையிலிருந்து தலைவன் தேரை விரட்டிக்கொண்டு வருகிறான்; மழை பிடித்துக்கொள்கிறது; அவள் காத்திருக்கிறாள். அருமையான கவிதைகள் இந்தத் துறையில் இருக்கின்றன. ஆனால் தேர் வாசலுக்கு வந்ததும் கவிதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் எழுந்து என்ன செய்தான், ஊரில் யாரோடு பேசினான், பேச ஆள் இருந்தார்களா என்பது கவிதையின் கவலை இல்லை. கவிதை அப்படி முடியலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. கவிதை விட்ட இடத்தில் தொடங்குவதற்காகத்தான் நாவல் என்ற ஒன்று ஏற்பட்டது. தமிழ் நாவலும் வாசலிலேயே நின்றுவிட்டால் அதை என்னவென்று சொல்வது?

தமிழில் வந்த யுத்த நாவல்களில் தலைசிறந்தது என்று நான் மதிப்பது ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி. 1972இல் வெளிவந்தது. அதன் நாயகன் பாண்டியன் ஊர் திரும்புவதில்லை. அந்த நாவலுக்கு அதுதான் சரியான முடிவு. அதை நான் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் எழுதியதில், சினிமாவையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால், இரண்டே இரண்டு பட்டாளத்துக்காரர்கள்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒருவர் சுவரில் மாலை போட்ட படம். இன்னொருவர் முறுக்கு மீசை வைத்து, ரம் குடித்து, ஒரு குண்டில் ஒன்பது பேரைச் சுட்ட கதை சொல்லி, தெருப்பையன்களைச் சிரிக்க வைக்கும் மிலிட்டரி மாமா. முதல்வர் அழுவதற்கு, இரண்டாமவர் சிரிப்பதற்கு. இவர்களுக்கு நடுவில் மூன்றாவது ஆள் இல்லை. சீனப் போரை வைத்து 1963இல் ரத்தத் திலகம் வந்தது. 2024இல் அமரன் வந்தது. பின்னது ஓர் உண்மை மனிதரின் வாழ்க்கையை மரியாதையோடு எடுத்துக்கொண்ட படம். ஆனாலும் அறுபது வருஷத்தில் நம் கண்ணீரின் திசை மாறவில்லை என்பதை இரண்டு படங்களும் சேர்ந்து காட்டுகின்றன.

முதலில் ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர் என்றால் கிழவர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பதினெட்டு, இருபது வயதில் சேருகிற சிப்பாய், பதவி உயராமல் போனால் முப்பத்தைந்து நாற்பது வயதுக்குள் வெளியே வந்துவிடுகிறான். பதினைந்து வருஷச் சேவை முடிந்திருந்தால் அவனுக்குப் பென்ஷன் உண்டு. ஹவில்தார், சுபேதார் என்று ஏறியவர்கள் இன்னும் சில வருஷம் இருப்பார்கள். எப்படியும், உத்தியோகத்தில் இருந்த காலத்தைப்போல் இரண்டு மடங்கு காலம் ஊரில் ‘மாஜி’யாக வாழ வேண்டும். அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே தகப்பன் ‘ரிட்டயர்டு’. பாங்கு வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் இந்த ஜாதிதான். இவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1986இல் தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ என்ற அரசுக் கழகம் ஏற்பட்டது. காஷ்மீரத்துப் பனியில் நின்ற மனிதர் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் செருப்பை வெளியே விடச் சொல்லிக்கொண்டிருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்துவிட்டு நடந்து போய்விடுகிறோம்.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்று சொல்லத்தக்க ஊர்கள் இருக்கின்றன. அங்கே மாஜி சிப்பாய் தனி மனிதரல்ல, ஒரு சமூகம். அந்தச் சமூகத்துக்கு ஒரு வருஷம் எப்படி நடக்கிறது என்று கவனித்துப் பார்த்தாலே ஒரு நாவலின் அமைப்பு கிடைத்துவிடும் என்பது என் கட்சி.

வருஷம் ஜனவரியில் ஒரு வேடிக்கையோடு தொடங்குகிறது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம். இந்தியாவின் முதல் இந்தியத் தளபதி கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. மறுநாள் ராணுவ தினம். 1949இல் அவர் பதவி ஏற்ற நாள். டில்லியில் யாரோ யோசித்து வைத்த நாட்கள். தமிழ்நாட்டில் அதே சமயத்தில் பொங்கல் வந்து நிற்கிறது. ஊரில் யாரும் அவரைப் படைவீரராக நினைக்கக்கூடிய நிலையில் இல்லை. அவரே இல்லை, மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருக்கிறார். அடுத்து எருது விடும் விழா. லீவில் வந்த இளைஞர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஒன்றாக நின்று மாட்டை விரட்டும்போது, எவர் இன்னும் பட்டாளத்தில் இருக்கிறார், எவர் வெளியே வந்துவிட்டார் என்று தலைமயிர் வெட்டை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மாதா மாதம் வருகிற திருவிழா ஒன்று உண்டு: காண்டீன். கார்டை எடுத்துக்கொண்டு, காலையில் பஸ் பிடித்துப் போய், வரிசையில் நிற்க வேண்டும். நம் கதாசிரியர்களுக்கு அங்கே ரம் மட்டும்தான் தெரியும். சோப்பு, டீத்தூள், பிரஷர் குக்கர், மகளுக்குச் சீராகக் கொடுக்கப் பிரிட்ஜ் என்று ஒரு குடும்பத்தின் பொருளாதாரமே அந்த வரிசையில் நிற்பது தெரியாது. பாட்டிலின் எண்ணிக்கை பதவிக்குத் தகுந்தபடி மாறும். ஓய்வு பெற்று இருபது வருஷமான பிறகும் சுபேதாருக்கும் சிப்பாய்க்கும் உள்ள வித்தியாசம் மாதத்துக்கு ஒரு தடவை கண்ணாடிப் பாட்டில் கணக்கில் ஞாபகப்படுத்தப்படுகிறது. ஊரில் வீட்டுக்குப் பெயரே அப்படித்தான்: ஹவில்தார் வீடு, சுபேதார் வீடு. விதவைகளும் அந்த வரிசையில் கார்டோடு நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு கதை வந்திருக்கிறதா? புருஷன் செத்த அன்றைக்கு அழுத அழுகையோடு அவர்கள் கதையை நாம் முடித்துவிடுகிறோம்.

விதவை என்றதும் இன்னொரு விஷயம். சிப்பாய் கல்யாணம் செய்துகொண்டதும், பிள்ளை பெற்றதும் ரெக்கார்டு ஆபீசில் பதிவாக வேண்டும். ‘பார்ட் டூ ஆர்டர்’ என்பார்கள். எந்தக் காலத்திலோ, தமிழ் தெரியாத ஒரு குமாஸ்தா, காதில் விழுந்த பெயரை இங்கிலீஷில் எழுதியிருப்பார். முனியம்மாள் மணியம்மாவாகியிருப்பாள். முப்பது வருஷம் அந்தத் தப்பு ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் தூங்கும். புருஷன் இறந்த பிறகு, குடும்ப பென்ஷனுக்கு மனுக் கொடுக்கும்போது எழுந்திருக்கும். அவள்தான் அவள் என்று அவளே நிரூபிக்க வேண்டும். நோட்டரி, அத்தாட்சி, பெங்களூருக்கோ வெல்லிங்டனுக்கோ கடிதம். இந்தக் கடிதங்களை எழுதித் தருவதற்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாஜி குமாஸ்தா ஹவில்தார் இருப்பார். திண்ணையில் உட்கார்ந்து, சர்வீஸ் நம்பர் தப்பாமல், ரூல் நம்பர் தப்பாமல் எழுதுவார். அந்த ஊர்களின் உண்மையான எழுத்தாளர் அவர்தான். அவரைப் போன்ற ஒரு பாத்திரம் கிடைத்தால் ரஷ்யர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

வெயில் காலத்தில், சித்திரை வைகாசியில், திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாளில், தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்து, தொடையைப் பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, மாலையில் தீ மிதிப்பார்கள். நிஜ யுத்தம் பார்த்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கட்டைக் கத்தியோடு ஆடுகிற யுத்தத்தை விடிய விடியப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். சின்னப் பையன்கள் ஆரவாரம் செய்கிற இடங்களில் அவர்கள் ஆரவாரம் செய்வதில்லை. கர்ணன் சாகிற இரவில் எழுந்து போய்விடுவதும் இல்லை.

ஜூலை 26 கார்கில் தினம், 1999ஆம் வருஷத்து வெற்றியின் ஞாபகம். ஆகஸ்டு 15 பள்ளிக்கூடத்துக் கொடி. அன்றைக்கு மட்டும் ஹெட்மாஸ்டர் வீடு தேடி வந்து கூப்பிடுவார். பெட்டியிலிருந்து மெடல்களை எடுத்துத் துடைத்து, கோட்டில் குத்திக்கொண்டு, வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்பார். மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். தீபாவளி முடிந்ததும் டிசம்பர் 7 கொடிநாள், 1949 முதல் நடந்து வருவது. சட்டையில் ஒட்டுகிற சின்னக் கொடியை ஆபீசுகளில் விற்பார்கள். டிசம்பர் 16 பங்களாதேஷ் யுத்த வெற்றி நாள். 1971இல் அங்கே இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு வருஷமும் சங்கக் கூட்டத்தில் சில நாற்காலிகள் குறைகின்றன.

ஆனால் இந்த வருஷத்தின் உச்ச கட்டம் இவை ஒன்றிலும் இல்லை. அது நவம்பரில் இருக்கிறது. பென்ஷன் வாங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். அதற்கு வழக்கமான மாதம் நவம்பர். முன்பு ஆபீசர் கையெழுத்துப் போட்டால் போதும். 2014க்குப் பிறகு மெஷினில் விரல் ரேகை வைத்தும் கொடுக்கலாம் என்று ஆயிற்று. மண்வெட்டி பிடித்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? ஒரு தடவை ஒரு பாங்கில், எண்பது வயதை நெருங்கிய ஒரு ஹவில்தார் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான், “ஐயா, அந்தக் கையைக் கொஞ்சம் துடைச்சிட்டு வைங்க” என்று சொன்னான். பெரியவர், “எதிர்லயே நிக்கிறேனே தம்பி, இன்னும் இன்னா சாட்சி வேணும்?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டார்.

செத்தவனைக் கல்லில் எண்ணி வைக்கிற உலகம், உயிரோடு இருப்பவனிடம் சாட்சி கேட்கிறது. இதில் யார் குற்றமும் இல்லை. பணம் கொடுக்கிற சர்க்கார் கணக்குக் கேட்கத்தான் செய்யும். ஆனால் எழுத்தாளன் சர்க்கார் அல்ல. அவனும் ஏன் செத்தால்தான் நம்புவேன் என்று நிற்கிறான்?

இதற்குக் காரணம் தேடிப் போகும்போது, அந்தக் கூத்து மேடைக்குத்தான் நான் திரும்பி வருகிறேன். கூத்து பதினெட்டாம் நாளோடு ஓய்ந்துவிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டை ஒட்டிப் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பதினெட்டுப் பருவங்களில் பத்தைத்தான் பாடினார், போர்க்களத்தோடு சரி. மீதியையும் சேர்த்துப் பாடியவர் பிற்காலத்து நல்லாப்பிள்ளை; அவரைப் படிக்கிறவர்கள் குறைவு. ஆக, தமிழர்களின் ஞாபகத்தில் இருக்கும் பாரதம் யுத்தம் முடிந்தவுடன் முடிகிற பாரதம். வியாசருடையது அப்படி அல்ல. அவர் யுத்தம் முடிந்த பிறகு முப்பத்தாறு வருஷம் கதையை நடத்துகிறார். அதிலும் ஆசிரமவாசிக பருவத்தில் ஓர் இடம் இருக்கிறது. நூறு பிள்ளைகளையும் பறிகொடுத்த திருதராஷ்டிரன், ஜெயித்தவர்களின் அரண்மனையில், அவர்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு பதினைந்து வருஷம் இருக்கிறான். தருமன் மரியாதையாகத்தான் நடத்துகிறான். பீமனால் சும்மா இருக்க முடியவில்லை. உன் பிள்ளைகளைக் கொன்ற தோள்கள் இவைதான் என்று கிழவன் காதில் விழும்படி தட்டிக்காட்டிப் பேசுகிறான். அதன் பிறகுதான் கிழவன் காட்டுக்குப் புறப்படுகிறான்.

யுத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட எதிலும் இதைவிட உண்மையான பகுதியை நான் படித்ததில்லை. பதினெட்டு நாளில் செய்ததைப் பதினைந்து வருஷம் சாப்பாட்டு வேளைகளில் சொல்லிக்கொண்டிருக்கிற பீமனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் சினிமாவில் வருகிற மிலிட்டரி மாமா அந்தப் பீமனின் தூரத்துச் சொந்தக்காரர். வித்தியாசம் என்னவென்றால், வியாசர் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஏன் பேசுகிறான் என்று அவருக்குத் தெரியும். வேறு எதைப் பற்றியும் பேச அவனுக்குத் தெரியாது. அவன் வாழ்க்கை அந்தப் பதினெட்டு நாளில் முடிந்துபோய், உடம்பு மட்டும் பாக்கி நிற்கிறது. நாம் வில்லியை எடுத்துக்கொண்டோம், வியாசரை விட்டுவிட்டோம்.

இந்த வாழ்க்கையில் சம்பவம் இல்லையே, காண்டீனையும் பென்ஷனையும் வைத்து என்ன எழுதுவது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சரித்திரத்திலிருந்தே ஒரு பதில் சொல்கிறேன். மராட்டியக் கொங்கணத்தில் தாபோலி என்று ஓர் ஊர். பழைய பம்பாய் ராணுவத்தில் பென்ஷன் வாங்கிய மகார் சிப்பாய்கள் பலர் குடியேறிய இடம். 1886இல் ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் அங்கேதான் உட்கார்ந்தார். 1888இல் தீண்டாமையைக் கண்டித்து ஒரு துண்டு நூல் வெளியிட்டார். மகார்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதைச் சர்க்கார் நிறுத்தியபோது மனு எழுதினார். சுபேதாராக ஓய்வு பெற்ற ராம்ஜி சக்பாலின் குடும்பமும் சில காலம் அதே ஊரில் இருந்தது. அவருடைய கடைசிப் பிள்ளைதான் அம்பேத்கர். பட்டாளம் தன் சிப்பாய்களுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் எழுத்து கற்றுக்கொடுத்தது. பென்ஷன் வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு ஊரில் என்ன செய்தார்கள் என்பதன் விளைவு இந்தியாவுக்கே தெரியும்.

சென்னை ராணுவத்திலும் இதே கதைதான். ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கப்படும் சென்னை சாப்பர்களில், சேரிகளிலிருந்து போனவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பட்டாளத்தில் ஒரே லங்கரில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர். கீழே உள்ளவர்கள் ‘சாப்’ என்று சலாம் வைக்கிற இடத்துக்கு வந்தவர். பதினேழு, இருபது வருஷம் கழித்துத் திரும்பும்போது, ஊர் அவரை எந்த வார்த்தையால் அழைக்கிறது? டீக்கடையில் எந்த டம்ளர் கிடைக்கிறது? கோவில் திருவிழாவில் எந்தப் பக்கம் நிற்கச் சொல்கிறார்கள்? அவர் பணிந்து போகிறாரா, சண்டை போடுகிறாரா, பேசாமல் டவுனுக்குக் குடிபோய்விடுகிறாரா? மூன்றும் நடந்திருக்கின்றன. மூன்றும் மூன்று நாவல்கள். எல்லையில் எதிரி யார் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊரில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைவிடப் பெரிய சம்பவம் எது வேண்டும்?

பக்கத்து மலையாளத்தைப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே பட்டாளக் கதைகள் என்றே ஒரு வகை வளர்ந்தது. பாறப்புறத்து, நந்தனார், கோவிலன் எல்லோரும் பட்டாளத்தில் இருந்து எழுதியவர்கள். கோவிலன் 1943 முதல் 1946 வரை கடற்படையிலும், 1948 முதல் 1968 வரை ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவிலும் வேலை பார்த்துவிட்டு, கண்டாணசேரி என்கிற தம் கிராமத்துக்குத் திரும்பினார். பட்டாளத்தைப் பற்றி எழுதி முடித்த பிறகு அந்தக் கிராமத்தைப் பற்றியே தட்டகம் என்ற நாவலை எழுதினார்; 1998இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. வெளியே போய்விட்டு வந்தவனுக்குத்தான் ஊர் முழுசாகக் கண்ணில் படும் என்பதற்கு அந்த நாவலே சாட்சி. தமிழ்நாட்டிலிருந்தும் பட்டாளத்துக்குப் போனவர்கள் குறைவல்லவே. அவர்களில் எழுதக்கூடியவர்கள் ஒருவரும் இல்லை என்று நான் நம்பமாட்டேன். எழுதினால் போடுவோம் என்று சொல்லுகிற பத்திரிகாசிரியர்கள் இல்லை; போட்டால் படிப்போம் என்கிற வாசகர்களும் இல்லை. பட்டாளத்துக்காரன் என்றால் வீரம், இல்லாவிட்டால் நகைச்சுவை என்று தீர்மானித்துவிட்ட இடத்தில், ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம் எழுதுகிற ஹவில்தாருக்கு என்ன மரியாதை கிடைக்கும்?

தேசபக்தி இலக்கியம் வேண்டும் என்று கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. செத்தவனைப் புகழ்வது சுலபம். அவன் பென்ஷன் உயர்த்தச் சொல்லிக் கேட்கமாட்டான். 2015இல், ஒரே பதவியில் ஒரே அளவு சேவை செய்து வேறு வேறு வருஷங்களில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரே பென்ஷன் வேண்டும் என்று கேட்டு, வயதான சிப்பாய்கள் டில்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பட்டினி கிடந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் சர்க்கார் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதில் திருப்தி இல்லாதவர்கள் தொடர்ந்து உட்கார்ந்தார்கள். எல்லையில் நிற்கும்போது தெய்வமாக இருந்தவர்கள், தெருவில் உட்கார்ந்ததும் பலருக்குச் சங்கடமாகிவிட்டார்கள். இந்தச் சங்கடத்தைப் பற்றி எழுத வேண்டியது இலக்கியத்தின் வேலை. பாட்டுப் பாடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணத்தாலும் இதைச் சீக்கிரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. 2022இல் வந்த அக்னிபத் திட்டப்படி சிப்பாயாகச் சேருகிறவர்களுக்கு நாலு வருஷந்தான் சேவை. நாலில் ஒருவர் வரையில் மேலே தொடரலாம். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வட ஆற்காட்டுக் கிராமங்களில் நூறு வருஷமாக உருவான ஒரு வாழ்க்கை முறை, அதன் பென்ஷன் நாளும் நவம்பர் வரிசையும் சுபேதார் வீடும் ஹவில்தார் வீடும், இனிமேல் அதே மாதிரி இருக்காது என்பது நிச்சயம். மறைந்துகொண்டிருக்கிற ஒரு சமூகத்தை அது மறைவதற்கு முன் பார்த்து வைக்கிற கடமை நாவலாசிரியனுக்கு உண்டு. தி. ஜானகிராமன் தஞ்சாவூருக்கும், கி. ராஜநாராயணன் கரிசலுக்கும் செய்ததை இந்த ஊர்களுக்கும் யாராவது செய்யத்தான் வேண்டும்.

அப்படி எழுதுகிறவருக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. யுத்தத்தை எழுத வேண்டாம். ஒரு பக்கம்கூட வேண்டாம். பொங்கலில் ஆரம்பித்து மார்கழியில் முடித்துவிடுங்கள். துப்பாக்கிச் சத்தம் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் அந்த மனிதர்கள் எழுந்து, பல் தேய்த்து, வரிசையில் நின்று, கடிதம் எழுதி, சண்டை போட்டு, கூத்துப் பார்த்து, ஒருவர் சாவுக்கு ஒருவர் போய் நின்றுவிட்டு வருவதை உள்ளபடி எழுதினால் போதும். எதிரே நிற்கிற மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று வாசகனுக்குத் தெரிந்தால், அந்த நாவல் தன் காரியத்தைச் செய்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்வேன்.